பூங்குழலியை வீட்டுக்கு அழைத்தது

மகன் நவநீதனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டு வந்த அன்றே செல்லம்மாள் சொல்லிவிட்டாள், பூவாடை எடுக்காமல் இந்த வீட்டில் பந்தக்கால் நடக்கூடாது என்று.

பச்சையப்பன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி நின்றார்.

"உங்ககிட்டதான் சொல்றேன். மூணு வருஷமா நம்ம பொண்ணு வெளியவே நிக்கிறா. கூப்ட்டு உக்கார வெச்சு, பொடவ வெச்சுக் கும்பிட்டாதான் பையனுக்குக் கல்யாணம். இல்லன்னா அது வெளங்காது."

"செய்யலாம்" என்றார்.

அந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போகிற பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவள் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டில் ஒரு நல்ல காரியம் வந்தால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். நீர்நிலைக்குப் போய், பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கலசத்தில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புதுப்புடவை, வளையல், சீப்பு, கண்ணாடி, மஞ்சள், கூடை நிறையப் பூ எல்லாம் வைத்துப் படைப்பார்கள். அதற்குப் பிறகு அவள் மகள் இல்லை, தெய்வம். பெற்றவர்களும் அவள் காலில் விழத்தான் வேண்டும்.

செல்லம்மாளுக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. மகள் போன மறுமாதமே படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கத் தொடங்கிவிட்டாள். "தாயே, உங்க அண்ணனுக்கு ஒரு வழி காட்டு" என்று வாய்விட்டு வேண்டுவாள். அழுவாள், எழுந்து போய்ச் சோறு வடிப்பாள். அழுகைக்கும் சோற்றுக்கும் நடுவில் அந்தப் படம் அவளைத் தாங்கிக்கொண்டது. பச்சையப்பனால் மட்டும் அந்தப் படத்துக்கு நேராக நிற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையானால் வேலை முடிந்து தேவலாபுரம் வரைக்கும் சும்மா நடந்துவிட்டு, விளக்கு மலையேறின பிறகு வீட்டுக்கு வருவார்.

காரணம் ஊருக்கே தெரியும். யாரும் அவர் முன்னால் பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

பச்சையப்பனுக்கு ஒரே தங்கை, செண்பகம். கையில் ஆண்குழந்தையோடு தாலியறுத்து வந்து நின்றவள். அண்ணன் வீட்டு வாசலில் அவள் தலைவிரித்து அழுத அன்றைக்கு, பச்சையப்பன் அவள் தலையில் கைவைத்துச் சொன்னார்: "எனக்குப் பொண்ணு பொறந்தா அது உன் வீட்டுக்குத்தான்." மூன்றாம் வருஷம் பூங்குழலி பிறந்தாள். தொட்டிலில் போட்ட நாளிலிருந்தே அவள் செண்பகத்தின் மருமகள். அத்தை வாங்கித் தந்த கொலுசுதான் அவள் காலில் முதலில் ஏறியது. யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

தட்டு மாற்றுகிற நாள் பூங்குழலி ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தாள். ஷூவின் மேல்தோலை, அப்பரை, தைக்கிற செக்‌ஷன். விரல் நுனியில் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"எனக்கு வேணாம் நைனா. மாமா மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு வேணாம்."

"ஏய், உள்ள போ" என்றார் பச்சையப்பன்.

"போறேன். ஆனா வேணாம்னு சொல்லிட்டுதான் போவேன். உங்க தங்கச்சிக்கு நீங்க குடுத்த வாக்கு. அதுக்கு நான் எதுக்குப் போவணும்?"

செண்பகம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் தாண்டும்போது அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மூடிய வாயைப் பச்சையப்பன் மகளிடம் நாலு மாசம் திறக்கவில்லை.

அவள் விடவில்லை. "நைனா, டீ" என்று தம்ளரைப் பக்கத்தில் வைப்பாள். அவர் அவள் உள்ளே போகும்வரை இருந்து எடுத்துக் குடிப்பார். பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரைப் பார்த்துச் சொல்வாள். "இன்னிக்கு ஓவர்டைம், வர லேட்டாவும்." "நாளைக்குக் கம்பெனி லீவு." வீட்டில் மற்ற யாருக்கும் அந்தச் செய்தி தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் செல்லம்மாளிடம் சொல்வார்: "லேட்டானா அண்ணனுக்கு போன் பண்ணச் சொல்லு." அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள். தன்னிடம் வந்து ஒரு வார்த்தை, நான் செய்தது தப்பு என்று சொன்னால் போதும் என்று அவர் காத்திருந்தார். அந்த வார்த்தையை ராத்திரி பகல் மனதுக்குள் அவரே அவளுக்காகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

மழை மாதத்தில் ஒரு நாள் அவள் சுவரைப் பார்த்து, "ஜுரமா இருக்கு" என்றாள்.

பச்சையப்பன் படுத்திருந்தார். கேட்டது. இரக்கம் தேடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தார்.

டெங்கு. மூன்றாம் நாள் வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே ஒருவர்தான் போகலாம் என்றபோதெல்லாம் அவர் செல்லம்மாளை அனுப்பினார். அங்கே போன நாலாம் நாள், இன்றைக்குப் பேசிவிடுவது என்று அவரே போனார். அதற்குள் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. பக்கத்தில் நர்ஸ்கள் நின்றதில் கூச்சமாக இருந்தது. காலை மட்டும் தொட்டுவிட்டு, நாளைக்குப் பேசலாம் என்று வெளியே வந்தார். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

இருபத்தோரு வயது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஏரிக்குப் போனார்கள். முன்பெல்லாம் வீட்டுக் கிணற்றிலேயேதான் பூவாடை அழைப்பார்கள். இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, கரிக்கும். தெய்வத்தை அதிலிருந்து எப்படி எடுப்பது என்று பம்பைக்காரர் முனிரத்தினமே மலையடி ஏரியைச் சொன்னார். போன வருஷ மழையில் ஏரி பாதிக்கு மேல் நின்றது. கரையில் பெண்கள் மண்ணைச் சமன் செய்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கலசத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் ஒரு ஓரமாக ஓலை கொளுத்திப் பம்பையின் தோலைக் காய்ச்சினார்.

பச்சையப்பன் தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஹெப்சி வந்து பக்கத்தில் நின்றாள். பூங்குழலியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த கிறிஸ்தவப் பெண். அப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி நாட்களில் உள்ளே கூட இருந்தவள் அவள்தான். இப்போது வேலூர் பாகாயத்தில் குடியிருக்கிறாள். செல்லம்மாள் போன் செய்து கூப்பிட்டிருந்தாள்.

"வந்தியா பாப்பா. உங்க வீட்ல ஒண்ணும் சொல்லலியே?"

"அம்மா மொதல்ல யோசிச்சாங்க. அப்புறம் அவளுக்காகப் போறே, போய்ட்டு வான்னாங்க." அவள் கீழே உட்கார்ந்தாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது அங்கிள். ஸ்கூல்ல படிச்சதுதான். சிவன், பெருமாள், வேதம்னு ஒரு பாடம் வரும். இதுல பூங்குழலி எங்க வர்றா?"

பச்சையப்பன் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது பெரிய சாமி. வேலூர் கோட்டைக் கோயில்ல இருக்குதே, அந்த மாதிரி. அதுக்கு ஐயர் இருக்காரு, மந்திரம் இருக்குது, ஆறு வேளை பூசை. நாம போனா எட்ட நின்னு கும்பிட்டு, துன்னூறு வாங்கிட்டு வந்துடலாம். அதுக்கு நம்ம பேரு தெரியாது. அடுத்தது ஊர் சாமி. கெங்கையம்மன். வைகாசி வந்தா அம்மன் சிரச ஊர்வலமா எடுப்போம், கூழ் ஊத்துவோம். அம்மை வந்தா, மழை கம்மியானா அவகிட்டதான் போய்ச் சண்டை போடணும். மூணாவதுதான் வீட்டு சாமி."

"அதுதான் இவளா?"

"நம்ம வீட்ல பொறந்து, நம்ம வீட்ல சாப்ட்டு, கல்யாணம் ஆவாம செத்துப்போன பொண்ணு. எங்க தாத்தா காலத்துலயும் ஒருத்தி இருந்திருக்கா. அவ பேரு இப்ப யாருக்கும் தெரியாது. எப்டி செத்தான்னும் தெரியாது. பூவாடைக்காரின்னே கும்பிட்டோம்."

"இது எப்ப ஆரம்பிச்சுது அங்கிள்?"

"அது யாருக்கும்மா தெரியும். எந்தப் பொஸ்தவத்துல எழுதி வெச்சிருக்கான்?" அவர் ஒரு புளிய இலையைக் கிள்ளிப் போட்டார். "ஒரு பொண்ணு செத்திருக்கும். அதைப் பெத்தவளால தாங்க முடிஞ்சிருக்காது. மண்ணுல போட்டுட்டோம், முடிஞ்சுதுன்னு சொன்னா அவ மனசு கேட்டிருக்காது. ஒரு செம்புல தண்ணி வெச்சு, பூ வெச்சு, இதான் எம்பொண்ணுன்னு சொல்லியிருப்பா. அங்கதான் ஆரம்பிச்சிருக்கும்."

கரையிலிருந்து நவநீதன் கை தட்டிக் கூப்பிட்டான்.

பம்பை தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி. முனிரத்தினம் சாம்பிராணிப் புகைக்கு நடுவில் நின்று எல்லாச் சாமிகளையும் வரிசையாகப் பாடி அழைத்தார். பிறகு நிறுத்திவிட்டுப் பச்சையப்பன் பக்கம் திரும்பினார்.

"பெத்த அப்பன் தண்ணியப் பாத்து மூணு தடவ பேரு சொல்லிக் கூப்பிடணும்."

பச்சையப்பன் தண்ணீர் ஓரம் போய் நின்றார். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பேர், பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதச் சொன்ன பேர். தட்டு மாற்றின நாளிலிருந்து அந்தப் பேரை அவர் உச்சரித்ததே இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோதுகூட ஆதார் அட்டையைத்தான் நீட்டினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கூப்புடுங்க" என்றாள் செல்லம்மாள், பின்னாலிருந்து.

"குழலி" என்றார். அவருக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் கேட்டது. மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து வந்தது. கரையில் இருந்த பெண்கள் அதைக் கேட்டே அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

பம்பை திரும்ப எழுந்தது. எல்லோரும் செல்லம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் மேல்தான் இறங்கும் என்று நினைத்திருந்தார்கள். இறங்கியது செண்பகத்தின் மேல்.

அவள் கூட்டத்தின் கடைசியில், வராமல் இருக்க முடியாதே என்று வந்தவள் மாதிரி முக்காட்டோடு நின்றிருந்தாள். திடீரென்று உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. கொண்டை அவிழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டபடி முன்னால் வந்தாள். இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வேண்டாம் என்று சொன்ன பெண், தான் தட்டிக்கழித்த அத்தை உடம்பிலேயே வந்திருக்கிறாளே என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு.

"வந்திருக்கிறது யாரு தாயே?" என்றார் முனிரத்தினம்.

"நான்தான். ஈரத்துலயே நின்னேன். யாரும் கூப்பிடல."

செல்லம்மாள் தரையில் விழுந்துவிட்டாள்.

"இப்ப கூப்ட்டாச்சு தாயே. உங்க அண்ணனுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வர்றியா?"

"வர்றேன். செவப்புப் பொடவ வெக்கணும்."

"வெக்கிறோம். மனசுல வேற எதுனா கொற இருக்குதா?"

செண்பகம் ஆடுவதை நிறுத்தினாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "நைனா" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுவரைப் பார்த்துப் பேசிய குரல் ஒரு நொடி அந்த வார்த்தையில் இருந்தது.

"நைனா, உன் பேச்சத் தட்டிட்டேன். பெரியவங்க சபையில எதுத்துப் பேசிட்டேன். அது என் தப்பு. அத்தை வீட்டுக்கே போயிருந்தா இன்னிக்கு உசிரோட இருந்திருப்பேன். என்னை மன்னிச்சிடு நைனா."

கரையே அழுதது. கிழவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். நவநீதன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பச்சையப்பன் அழவில்லை. அது அவர் மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்த வார்த்தை. நாலு மாசம் கிடைக்காதா என்று ஏங்கின வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல் இப்போது காதில் விழுந்தது. விழுந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, தன் மகள் இதைச் சொல்லவே மாட்டாள். கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டாள். பை தோளில் தொங்க, பசை உரியும் விரலோடு, அத்தனை பேருக்கு நடுவில் நிமிர்ந்து நின்ற பெண் அவள். அந்தப் பெண்ணை மன்னிப்புக் கேட்க வைத்து, தலை குனிய வைத்துத்தான் சாமியாக்க முடியும் என்றால், அந்தச் சாமி யாருடையது?

"அப்பன் வாயால மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுய்யா" என்றார் முனிரத்தினம். "கலசத்தத் தூக்கிடலாம்."

"முடியாது."

பம்பை நின்றது.

"நைனா, பேஜார் பண்ணாத. சொல்லிடு. எல்லாரும் பாக்கிறாங்க" என்றான் நவநீதன் அடித்தொண்டையில்.

"பாக்கட்டும்டா." பச்சையப்பன் செண்பகத்தின் முன்னால் வந்து நின்றார். தங்கையிடம் பேசுகிறாரா, மகளிடம் பேசுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "நீ எதுக்கும்மா கேக்குற? கேக்காத. நீ ஒரு தப்பும் பண்ணல. பண்ணாததுக்கு நான் எப்டி மன்னிப்பேன்? உனக்கு வேணாம்னா வேணாம்தான். நான்தான் உன்னக் கேக்காம வாக்கு குடுத்தேன். நான்தான் நாலு மாசம் வாயத் தெறக்கல. நீ ஜுரம்னு சொன்ன. எங்காதுல வுழுந்துது. நான் திரும்பிப் படுத்துகினேன். அத ஆருகிட்டயும் இதுவரைக்கும் நான் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு அவர் செண்பகத்தின் காலில் விழுந்தார். அண்ணன் தங்கை காலில் விழுவதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

முனிரத்தினம் எத்தனையோ பூவாடை பார்த்த மனிதர். அவருக்கே அடுத்தது என்ன என்று தெரியவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடி மெல்லக் கேட்டார். "தாயே, உன் அப்பன் சொன்னது கேட்டுச்சா?"

செண்பகத்தின் தலை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஆடியது. உதடு எதையோ சொல்லத் திறந்தது. பிறகு கால் மடங்கி, பிடித்திருந்த பெண்களின் கையில் சரிந்தாள். சாமி மலையேறிவிட்டது.

பச்சையப்பன் விழுந்த இடத்திலேயே கிடந்தார். கடைசியில் செல்லம்மாள்தான் வந்து தோளைப் பிடித்து எழுப்பி, நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கலசத்தை அவளே தலையில் ஏற்றிக்கொண்டாள். நாலு பேர் வேட்டியை விரித்து மேலே பந்தல் பிடிக்க, பம்பை முன்னால் போக, ஊர்வலம் கரையை விட்டு இறங்கியது.

செண்பகம் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் எழப் பார்த்தாள். "உக்காரு" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம்மேலயா வந்துச்சு?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல அண்ணா. இன்னா சொன்னேன்?"

பச்சையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. பயம்தான் இருந்தது. "வீட்டுக்கு வர்றேன்னு சொன்ன. செவப்புப் பொடவ கேட்ட."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

செண்பகம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அவ மேல கோவம் இருந்துச்சுண்ணா. செத்தப்புறமும் இருந்துச்சு. எழவுக்கு வந்து மார்ல அடிச்சிகினேனே, அப்பவும் உள்ள இருந்துச்சு. நான் தூக்கி வளத்த பொண்ணு."

"தெரியும்மா" என்றார். இருவரும் ஊர்வலம் கண்ணுக்கு மறைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

*

படையல் முடிந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹெப்சி கிளம்பினாள். பச்சையப்பன் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று ஹைவே வரைக்கும் கூட நடந்தார். நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஷூ கம்பெனி வேன்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? மூணு வருஷமா கேக்கணும்னு இருக்கேன்."

அவளுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. தலையை ஆட்டினாள்.

"கொழா வெக்கிறதுக்கு முந்தி நீதானே உள்ள இருந்தே. என்னைப் பத்தி எதுனா சொன்னாளா?"

வேலூர் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் குரல் கொடுத்தார். ஹெப்சி ஏறவில்லை. பஸ் போனது.

"இல்ல அங்கிள்."

"நைனா எங்கன்னு?"

"கேக்கல." அவள் குரல் உடைந்தது. "தண்ணி கேட்டா. குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. பஞ்சை நனைச்சு ஒதட்டுல வெச்சேன். அப்புறம், சூப்பர்வைசருக்கு லீவ் சொல்லியாச்சான்னு கேட்டா. சொல்லியாச்சுன்னேன். அதுக்கப்புறம் பேசல."

பச்சையப்பன் ரோட்டைப் பார்த்தார். "ரொம்ப தாகமா இருந்துச்சா?"

"ரொம்ப."

அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாதவர் மாதிரி. கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவருக்கென்று ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் இதுதான் அவள். வேலைக்குச் சொல்லாமல் நிற்கக் கூடாது என்று ஜுரத்தின் உச்சியிலும் நினைத்த பெண். ஏரிக்கரையில் கேட்ட அத்தனையையும்விட இந்த இரண்டு கேள்வியில்தான் அவர் மகள் இருந்தாள்.

"உங்களுக்கு ஆறுதலா எதுனா சொல்லியிருக்கலாம். எனக்கு அப்டி வரல அங்கிள். நான் அப்ப படிச்சிட்டு இருந்த பொண்ணு. எனக்கும் ரொம்ப பயமா இருந்துச்சு."

"நீ நெசத்த சொன்னியே, அதான் பாப்பா வேணும்" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ரோட்டோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஹெப்சி பக்கத்தில் நின்று அவர் முதுகில் கை வைத்திருந்தாள். அடுத்த பஸ்ஸையும் அவள் விட்டுவிட்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஏரிக்கரையில் அப்பன் செய்த கூத்து என்று நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். நவநீதன் தாலி கட்டுகிறவரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாலியறுத்தவள் எப்படி என்று சிலர் முணுமுணுத்தாலும், செண்பகம்தான் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று பெண்ணுக்கு நாத்தனார் முடிச்சுப் போட்டாள், பூங்குழலி போட வேண்டியதை. மூன்றாம் நாள் கலசத் தண்ணீரை ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். சிவப்புப் புடவை மருமகளுக்கு வந்தது.

மருமகள் திலகவதி பேர்ணாம்பட்டுப் பெண். வெடுக்கென்று பேசுவாள், வேலையில் சுறுசுறுப்பு. முதல் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பூசைக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் வேலை செய்கிற தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ரிப்பேர். பச்சையப்பன் நேரத்தோடு வீடு வந்திருந்தார். வெளியே நடக்கப் போகலாமா என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவரை அவள் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பூங்குழலி அக்காவுக்கு இன்னா புடிக்கும்? படையலுக்குச் செய்யணும். அத்தை தூங்கறாங்க."

பச்சையப்பன் யோசித்தார். மகளுக்கு என்ன பிடிக்கும்? டீ போடுவாள், கொண்டுவந்து வைப்பாள். அவள் எதை ஆசையாகச் சாப்பிட்டாள் என்று அவர் எப்போது பார்த்தார்?

"எப்டி இருப்பாங்க மாமா? எங்க வீட்ல கேட்டா, ரொம்ப அடக்கமான பொண்ணாம், அப்பா பேச்சு தட்டாதாம், சாமி வந்து மன்னிப்பு கேட்டுச்சாம்னு சொல்றாங்க."

பச்சையப்பன் செருப்பைக் கழற்றினார். வந்து படத்துக்கு எதிரில் கீழே உட்கார்ந்தார். படத்தில் அவள் கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த முகம், சிரிக்காமல் நேராகப் பார்த்தது.

"யாரு சொன்னது அடக்கம்னு? எதுத்துதான் பேசுவா. சின்ன வயசுலருந்தே. சொன்ன பேச்சு கேக்காது. வேணாம்னா வேணாம்தான்" என்று தொடங்கினார். திலகவதி கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தங்கைக்குக் கொடுத்த வாக்கு, வெற்றிலைத் தட்டு, தம்ளர், சுவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது. செல்லம்மாள் எழுந்து நிலைப்படிக்கு வந்து நின்றிருந்தாள்.

"மழை பேஞ்சிகினு இருந்துச்சு. நான் படுத்திருந்தேன். அவ அங்க, அந்த செவுத்தாண்ட நின்னுகினு..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. திலகவதி என்ன செய்வதென்று தெரியாமல் மாமியாரைப் பார்த்தாள்.

செல்லம்மாள் வந்து புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதியை அவள் சொன்னாள்.